வழக்குப் பொருளுக்கு ஒரு சந்தனப் பொட்டு

கல்யாணசுந்தரத்துக்கு வேலை கிடைத்ததே இரண்டு கம்பெனிகள் சண்டை போட்டுக்கொண்டதால்தான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்! கைபேசி செய்கிற இரண்டு பெரிய கம்பெனிகள், "என் வடிவத்தை நீ திருடினாய்", "என் காப்புரிமையில் நீ கை வைத்தாய்" என்று ஒன்றன் மேல் ஒன்று வழக்குப் போட்டு, 2011ஆம் வருஷம் முழுக்கச் சிட்னி வக்கீல்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன.

வழக்குக்கான பதினான்கு போன்களை யார் வைத்துக்கொள்வது? அவர் வைத்தால் இவர் நம்பமாட்டார், இவர் வைத்தால் அவர் நம்பமாட்டார். கடைசியில் சிட்னியை ஒட்டிய பரமட்டாவில் ஆவணங்களைப் பாதுகாத்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்திடம் பொதுவாக ஒப்படைத்தார்கள். அங்கே அந்தப் பதினான்குக்கும் காவல் நம் கல்யாணசுந்தரம். ஒவ்வொன்றும் முத்திரை வைத்த பையில், நம்பர் போட்டு, இரும்பு அலமாரியில் இருக்கும். யார் தொட்டாலும் எந்த நேரம், எதற்காக என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் தரப் பரிசோதகராகப் பத்தொன்பது வருஷம் இருந்த மனிதர். மனைவி கிரிஜாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து 2009இல் குடும்பம் இங்கே வந்தது. அதன்பிறகு இரண்டு வருஷம் இவர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "உள்ளூர் அனுபவம் இல்லை" என்று நாற்பது இடத்தில் கதவைச் சாத்தினார்கள். யாராவது "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிடுவார்களோ என்று கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். ஏப்ரலில்தான் இந்த வேலை கிடைத்தது. ஆறு மாசம் சோதனைக் காலம், அக்டோபர் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை நிரந்தரக் கடிதம் என்று மேலாளர் மார்கரெட் சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை ஆயுத பூஜை வந்தது.

மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லையே! இரண்டு வருஷம் பொட்டு வைக்க ஓர் ஆயுதம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர். அரைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து, காலை ஒன்பது மணிக்கு, ஆள் வருவதற்கு முன்னால் வேலையை ஆரம்பித்தார். ஸ்கேனருக்கு ஒன்று, தள்ளுவண்டிக்கு ஒன்று, கத்தரிக்கோலுக்கு ஒன்று, அலமாரிக் கதவுக்குப் பெரிதாக ஒன்று. வாய் ஏதோ ஸ்லோகத்தை முணுமுணுக்க, கை தன்பாட்டுக்கு நகர்ந்து போனது.

மேசை மேல் வெள்ளைத் துணியில் ஏழாம் நம்பர் போன் கிடந்தது. பதினொரு மணிக்கு இரண்டு தரப்பும் வந்து படம் எடுப்பதாக ஏற்பாடு. அதற்காக அவரே வெளியே எடுத்து, நோட்டில் எழுதி வைத்திருந்தார். கை அதற்கும் நெற்றியில் ஒன்று வைத்துவிட்டது.

வைத்த பிறகுதான் பார்த்தார். பேச்சு கேட்கும் அந்தச் சின்ன ஓட்டை இருக்கிறதே, சரியாக அதன் மேல் சந்தனம். அதன் நடுவில் குங்குமம், அம்சமாக!

உடனே கிரிஜாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"என்னங்க இது, சின்னப் புள்ளையாட்ட! யாராச்சும் பாத்தாங்களா?"

"இன்னும் யாரும் வரல."

"அப்புறம் என்ன? ஈரத்துணி வெச்சுத் தொடைச்சுப் போட்டுக் கம்முனு இருங்க. சாமியா வந்து சாட்சி சொல்லப் போகுது? வெள்ளிக்கெழம லெட்டர் வருதுங்க. திரும்ப வூட்டுல உக்கார உங்களால முடியாதுங்க. என்னாலயும் பாக்க முடியாது."

அவர் போனை வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து தன் குண்டு குண்டான ஆங்கிலத்தில் எழுதினார். "9.20. பண்டிகை காரணமாக ஏழாம் நம்பர் பொருளின் முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். தவறு என்னுடையது. துடைக்கவில்லை." கையெழுத்தும் போட்டார்.

மார்கரெட் வந்து படித்தாள். போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"வக்கீல்கள் வரட்டும். நீங்கள் எதையும் தொடாதீர்கள்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தார்கள். ஒரு பக்கத்துக்கு டேவிட் என்ற நெட்டை வக்கீல். இன்னொரு பக்கத்துக்குப் பிரியந்தினி, யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பெண். பொட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்த்தரப்புக்குப் புரியாத மொழியில் பேசினால் அதற்கும் ஒரு வழக்கு வந்துவிடுமே! நவராத்திரி என்றால் என்ன, கருவிக்குப் பொட்டு எதற்கு என்று ஆங்கிலத்தில் எல்லாருக்கும் பொதுவாக விளக்கினாள்.

டேவிட்டுக்கு அதில் அக்கறை இல்லை. நோட்டைக் கேட்டு வாங்கி, ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். கல்யாணசுந்தரம் சுவரோரம் நின்றார். தொலைந்தது வேலை என்று முடிவே கட்டிவிட்டார்.

"ஜூன் இரண்டாம் தேதி. நான்காம் நம்பர் பையின் லேபிள் ஓரத்தில் பிரிந்திருந்தது, விரலால் அழுத்தி ஒட்டினேன்" என்று டேவிட் உரக்கப் படித்தான். "ஜூலை பதினெட்டு. தும்மல் வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பையின் மேல் படவில்லை." நிமிர்ந்து பார்த்தான். "தும்மலைக்கூடவா எழுதுவீர்கள்?"

"பக்கத்தில்தானே தும்மினேன்" என்றார் கல்யாணசுந்தரம்.

இரண்டு வக்கீல்களும் மார்கரெட்டும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இருபது நிமிஷம். அவருக்கு அது இரண்டு வருஷமாகத் தெரிந்தது. அதற்குள் பொட்டு காய்ந்து ஓரம் உதிர ஆரம்பித்திருந்தது.

மார்கரெட்தான் முதலில் உள்ளே வந்தாள், பின்னாலேயே வக்கீல்கள். கையில் ஒரு தாள்.

"ஏழாம் நம்பரை ஒதுக்கிவிட்டு அதே மாதிரி இன்னொரு போனைப் பயன்படுத்த இரண்டு தரப்பும் சம்மதம். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்கள்." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "வழக்கு முடியும்வரை இந்தப் பொருள்கள் உங்கள் காவலில்தான் இருக்க வேண்டுமாம். ஆறு மாசமாகப் பார்க்கிறேன், சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு என்பதில்கூட இந்த இரண்டு பேரும் ஒத்துப்போனதில்லை. உங்கள் விஷயத்தில் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? கடிதத்தை இப்போதே அடித்துத் தருகிறேன். ஆனால் இனிமேல் பொட்டு கிட்டு எதுவும் வேண்டாம், சரியா?"

"சத்தியமா வேண்டாம்" என்று தமிழிலேயே சொன்னார். பிரியந்தினிக்கு மட்டும் புரிந்திருக்கும்.

மத்தியானம் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிரிஜாவுக்கு மறுபடி போன் போட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் அழுதுவிட்டாள். சந்தோஷம்தான், கூடவே வெட்கமும்.

"நான் தொடைச்சுப் போடச் சொன்னனேங்க. எப்படிங்க எனக்கு அப்படிச் சொல்ல வாய் வந்துது? நீங்க அதைக் கேட்டிருந்தா..."

"அழுவாத கிரிஜா. நீ சொல்றதுக்கு முன்னாடியே ஈரத்துணி என் கைலதான் இருந்துது. அதை மட்டும் நோட்டுல எழுதல."