சிவகாமசுந்தரியின் ஸ்டியரிங்

முன்னால் போகும் வண்டி பிரேக் பிடித்தால் சிவகாமசுந்தரியின் வலது கால் தானாகவே தரையை ஓங்கி மிதிக்கும். அவர் உட்கார்ந்திருப்பது இரட்டை மாடிப் பேருந்தின் மேல்தளமாக இருந்தாலும் சரி, கீழே நடப்பதெல்லாம் தன் பொறுப்பு என்றே அந்தக் கால் நினைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால், "சாரி லா, தொழில் கோளாறு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாலையைக் கவனிப்பார்.

தொழில், கார் ஓட்டக் கற்றுத்தருவது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பாதி ஆயுளை, தனி பிரேக் வைத்த இடப்பக்க இருக்கையிலேயே கழித்திருக்கிறார். "மிரர் பாரு. பிளைண்ட் ஸ்பாட் பாரு. என்னைப் பார்க்காத, ரோட்டப் பாரு." இதைச் சொல்லும்போது குரல் உயராது. நடுங்கும் கைகளையே நாள் முழுவதும் பார்த்துப் பழகியதால், புதிதாக யாரைச் சந்தித்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்ப்பார். "நல்ல மனுஷன்தான். ஆனா ஸ்டியரிங்கக் கழுத்த நெரிக்கிற மாதிரி பிடிப்பாரு" என்பது தம் சம்பந்தியைப் பற்றி அவர் வழங்கிய நற்சான்றிதழ்.

ஊராருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தாமே ஓட்டுவதற்கென்று வைத்திருப்பது சாம்பல் நிற மோரிஸ் மைனர் கார் ஒன்று. அவரைவிடச் சற்று மூத்தது. பொங்கோலில் அவர் வசிக்கும் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில், போர்வைக்குள் முடங்கிக் கிடக்கும். பழைய வண்டி என்பதால் ஆண்டில் சில நாட்களுக்குத்தான் சாலையில் இறக்க அனுமதி. அந்தச் சில நாட்களும் அவருக்குப் பண்டிகைதான். "அடுத்தவங்க ஓட்டுறதையே பார்த்துக்கிட்டிருந்தா, நான் எப்ப ஓட்டுறது?" என்பார். ஞாயிறு காலையில் லிட்டில் இந்தியாவுக்கு ஓட்டிப் போய், சிராங்கூன் சாலையில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு, கைப்பேசியில் படமெடுப்பவர்களுக்காக வேகத்தைக் கொஞ்சம் குறைத்தே திரும்புவார்.

கணவர் ரகுபதிக்கோ அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். எதைப் பார்த்தாலும் அதில் வரப்போகிற ஆபத்துதான் அவர் கண்ணுக்கு முதலில் தெரியும். "வருஷம் பூரா நிறுத்தி வைக்க ஒரு காரு. காருக்கு ஒரு கவர். கவரத் தொடைக்க ஒரு துணி. தேவையா இது?" என்று வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுவார்.

இந்த ஆண்டு அவர் பக்கம் காற்று அடித்தது. வண்டிச் சோதனையில் மோரிஸ் மைனர் தேறவில்லை. எஞ்சினில் குறையில்லை, பிரேக்கில் குறையில்லை, குறையெல்லாம் ஸ்டியரிங்கில். கறுப்பு வளையம் முழுக்க விரிசல் ஓடி, ஓரிடத்தில் பெயர்ந்து உள்ளே இருக்கும் இரும்பு தெரிந்தது. மாதக் கடைசிக்குள் சரிசெய்து கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். பழைய கார்களைச் சேர்க்கும், பூன் லே வட்டாரத்துச் சேவியர் ஏற்கெனவே இரண்டு முறை விலைக்குக் கேட்டிருந்தார். ரகுபதி சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தார்: "மாசக் கடைசிக்குள்ள பாஸ் ஆகலைன்னா சேவியருக்கே குடுத்துடலாம், சரியா?"

"சரி. ஆகலைன்னா குடுத்துடலாம்" என்றார் சிவகாமசுந்தரி. அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தத் தைரியத்தில்தான் ரகுபதியும் கேட்டார்.

புது ஸ்டியரிங் ஒன்றை வரவழைக்கலாமே என்றவர்களிடம், "புதுசு போட்டா அது வேற காரு" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். நடுவில் இருந்த ஹாரன் மூடியை நெம்பி எடுத்து, திரும்பப் பூட்டும்போது கோணாமல் இருக்க நெயில் பாலிஷால் ஓர் அடையாளக் கோடு போட்டு, நட்டைக் கழற்றினார். வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறியவரைப் பார்த்து எதிர்வீட்டு ஃபஸீலா, "என்னக்கா, காரத் துண்டு துண்டா வீட்டுக்குக் கொண்டு போறீங்களா?" என்று கேட்டார். "ஆமா, அடுத்த வாரம் எஞ்சின் வருது. வந்து ஒரு கை பிடி" என்றார் இவர்.

முதல் முயற்சி பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு டியூப் பசையைச் சம அளவில் குழைத்து விரிசல்களில் நிரப்பி, தோசைத் திருப்பியால் வழித்துவிட்டார். காய்ந்து கல்லாக இறுகியது. உப்புத்தாளை வைத்து நாலு இழுப்பு இழுத்ததும் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. பசை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வேறு பசை வாங்கி வந்தார். அதுவும் அப்படியே கழன்றது. பாதி மாதம் போய்விட்டது. கூடத்தில் ரகுபதி கைப்பேசியில், "ஆமா சேவியர், அனேகமா..." என்று குழைவாகப் பேசுவது சமையலறைவரை கேட்டது. அன்றிரவு சிவகாமசுந்தரி மேசையில் கிடந்த பொருக்குகளைத் துடைக்காமலேயே படுக்கப் போனார்.

மறுநாள் மேசையைத் துடைக்கும்போது, பெயர்ந்த பொருக்கு ஒன்று கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தார். அடிப்பக்கம் சிவப்பாக இருந்தது. துருவாக இருக்கும் என்று எடுத்து முகர்ந்தால் சந்தன வாசனை! அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டில் விளக்கேற்றிய கையோடு கீழே போய் வண்டிக்கும் பொட்டு வைப்பது அவர் வழக்கம். ஸ்டியரிங்கின் உச்சியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். குங்குமம் உதிராமல் ஒட்டிக்கொள்ள ஒரு சொட்டு நல்லெண்ணெய். வளையம் வழியே வழிந்த இத்தனை வருட நல்லெண்ணெயையும் விரிசல்கள் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தன. எண்ணெயில் எந்தப் பசை ஒட்டும்? கடைக்காரர்மேல் ஒரு குற்றமும் இல்லை. "சாமிக்கு வைக்கிறதா நெனச்சேன். விரிசலுக்குத் தீனி போட்டிருக்கேன்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மனசு லேசாக வலித்தது. கூடவே, தோற்றது தம் கை இல்லை என்ற நிம்மதியும் வந்தது.

அதன்பின் அவருக்கு வந்த வேகம் தனி. பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி, ஊக்கு என்று ஒரு படையே கிளம்பியது. ஒவ்வொரு விரிசலையும் குடைந்து, கழுவி, காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பஞ்சு வெள்ளையாகவே திரும்பும்வரை விடவில்லை. பிறகு அரத்தை எடுத்து விரிசல்களை இன்னும் அகலமாக்கத் தொடங்கினார்.

சமையலறை வாசலில் நின்ற ரகுபதி பதறிப்போனார். "ரிப்பேர் பண்றியா, உடைக்கிறியா?"

"பள்ளம் இருந்தாத்தாங்க பசை பிடிக்கும். பயப்படாதீங்க, பிரேக் என்கிட்ட இருக்கு."

மாணவர்களிடம் பேசும் அதே உயராத குரல். மறுநாள் வேலை முடிந்து வந்த ரகுபதி, புதிய முகக்கவசம் ஒன்றை மேசையில் வைத்து, "தூள மூச்சுல இழுக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இந்தமுறை பசை பிடித்தது. நகத்தால் நெம்பினார், ஊக்கால் குத்தினார், அசையவில்லை. தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வளையம் முழுக்க ஓட்டி, தட்டுப்பட்ட இடத்தை மறுபடி தேய்த்தார். கறுப்பு பெயின்ட் அடித்து, துணி காயப்போடும் கம்பியில் ரகுபதியின் சட்டைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். மழை வந்து ஈரக்காற்றில் பளபளப்பு வெளுத்துப்போனது. வெள்ளைச் சட்டை ஒன்றில் கறுப்பும் ஒட்டிக்கொண்டது. சட்டைக்காக ரகுபதியிடம் மன்னிப்புக் கேட்டார். ஸ்டியரிங்கை மீண்டும் தேய்த்து, நல்ல வெயில் அடித்த காலையில் இன்னொரு பூச்சு கொடுத்தார். அது கண்ணாடியாகக் காய்ந்ததும், அடையாளக் கோடு கோணாமல் வண்டியில் பூட்டினார்.

மாதம் முடியும் முன் நடந்த மறுசோதனைக்கு ரகுபதியும் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். சோதனை அதிகாரி இல்ஹாம் வளையத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினார், குலுக்கினார், விரலால் தடவிப் பார்த்தார். பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் உடைந்திருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை என்று சிவகாமசுந்தரியும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். இல்ஹாம் இன்னொரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே தேர்ச்சி கொடுத்தார். அங்கேயே ஓர் ஆட்டம் போடலாம் போலிருந்தது சிவகாமசுந்தரிக்கு. ஆட்டத்துக்குப் பதிலாகக் கைப்பேசியை எடுத்தார்.

"சேவியர், வண்டி விக்கிறதுக்கு இல்ல லா. பார்க்கணும்னா வாங்க, காப்பி போட்டுத் தரேன்."

நேராக லிட்டில் இந்தியாவுக்கு விட்டார். நெய் ரோஸ்ட்டும் மெதுவடையும் சாப்பிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். ரகுபதி வழக்கமான இடப்பக்கக் கதவுக்குப் போகவில்லை. ஓட்டுநர் பக்கம் வந்து, முதல் பாடத்துக்கு வந்த பையனைப்போலத் தயங்கி நின்றார்.

"சிவகாமி... வீடு வரைக்கும் நான் ஓட்டட்டுமா?"

சிவகாமசுந்தரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கைய நீட்டுங்க" என்றார். நெய் மினுங்கிய இரண்டு கைகளும் நீண்டன. பையிலிருந்து ஈரத் தாளை எடுத்து, நடைபாதையில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, விரல் விரலாக, நக இடுக்குகூட விடாமல் துடைத்தார். கடைசி விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, சாவியை அந்த உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.