கப்பலைத் திருப்பியது நான்

உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு டவுன் பஸ் வரும். எங்கள் புத்தகங்களும் அதில்தான் வரும். அங்கன்வாடி டீச்சர் டவுன் நூலகத்தில் எடுத்துப் பையில் போட்டுக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கன்வாடியில் பிள்ளைகளின் பாயை விரித்து ஒன்பது பெண்கள் உட்காருவோம். டீச்சர் படிப்பார், நாங்கள் கேட்போம். எல்லாம் விஞ்ஞானக் கதைகள். வாசகர் வட்டம் என்று டீச்சர் பெயர் வைத்தார். நடத்துவது நான்.

பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். பொய் எதற்கு? பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டைப் பார்த்து ஊர் தெரிந்துகொள்வேன், அச்சு பெரிதாக இருந்தால் எழுத்துக் கூட்டுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், நாளுக்கு அரைப் பக்கம். பிழை இருந்தால் டீச்சர் திருத்தலாம், சொன்னதைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

முதல் புத்தகம் தானாக வந்து சேர்ந்தது. மகளிர் குழுக் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது டீச்சரின் பையிலிருந்து அது எட்டிப் பார்த்தது. அட்டையில் வட்டமாக ஒரு பள்ளம். மேலிருந்து பார்த்த கிணறு என்று நினைத்தேன். எங்கள் கழனிக் கிணறு வற்றிக் கிடந்த நேரம் அது. கிணற்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, படி பார்க்கலாம் என்றேன். அது நிலாவில் இருக்கும் பள்ளமாம். அதற்குள் ஜனங்கள் ஊர் கட்டிக் குடியிருக்கிறார்கள், தண்ணீருக்கு எங்களைப் போலவே அல்லாடுகிறார்கள். அன்றைக்குப் பால் கறக்கும் நேரம் தாண்டியும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

அதிலிருந்து வேறு வகைப் புத்தகம் நாங்கள் தொட்டதில்லை. குடும்பக் கதை வேண்டுமென்றால் அவரவர் வீட்டில் இருக்கிறது.

என் வேலை என்ன என்று கேட்பீர்கள். வரவேண்டியவர்களை வீட்டு வாசலில் போய்க் கூப்பிடுவது. படிக்கும்போது, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று யாரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வது. எல்லாவற்றிலும் பெரிய வேலை, போன வாரக் கதையை முதலிலிருந்து சொல்வது. டீச்சர் அரை மணி நேரம் படித்தால் அது அப்படியே என் தலையில் உட்கார்ந்துவிடும். கப்பலின் பெயர், அதில் இருப்பவர்களின் பெயர், யார் எந்தக் கதவைத் திறந்தார்கள், எல்லாம். சொல்லும்போது புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வேன். சொல்லச் சொல்லப் பக்கத்தைத் திருப்புவேன். கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்றுதான் ஆரம்பித்தது. பார்த்தவர்கள் நான் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

அந்தக் கப்பல் கதைக்கு வருகிறேன். பூமியை விட்டு ஒரு நட்சத்திரத்துக்குப் போகிற கப்பல் அது. உள்ளே எல்லோரும் வருஷக்கணக்காகத் தூங்குவார்கள், முறைபோட்டு ஒருவர் மட்டும் விழித்திருந்து காவல் பார்ப்பார். ஏரி மடைக்குக் காவல் வைப்பதுபோல என்று நாங்கள் புரிந்துகொண்டோம். இப்போது ஒரு பெண்ணின் முறை. அவளுடைய அம்மா பூமியில் இருக்கிறாள். தனியாக இருந்து இருந்து அந்தப் பெண்ணுக்குக் கப்பலைத் திருப்பிவிடலாமா என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் அந்த வாரம் நின்றது.

எங்கள் ஒன்பது பேரில் ஊர்க் கோடிக் குடியிருப்பிலிருந்து ஒருத்தி வருவாள். களையெடுப்பு, நடவு என்று கூலிக்குப் போகிறவள். அவள் மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைசெய்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள், ஆடி ஆகியும் வரவில்லை. அந்த வாரம் கலைந்து போகும்போது குடியிருப்புப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பொண்ணு வூட்டுக்கு வந்துடுவாளாம்மா?” என்று கேட்டாள். கதையில் வரும் பெண்ணைத்தான் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு டீச்சர் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். சாவியும் புத்தகமும் என்னிடம் இருந்தன. முன்கதை சொல்லிவிட்டு அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். சொல்லி முடித்ததும் என் நாத்தனார், அவள் வாய்க்கு ஊரே பயப்படும், காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னா அண்ணி, டீச்சர் இல்லன்னா கட மூடிடுவியா? நடத்துறவ நீ. நீயே படி.”

எங்களில் இன்னொருத்திக்குப் படிக்கத் தெரியும், ஆனால் அவளுக்குக் கண்ணில் புரை. எட்டு முகங்களும் என்னைப் பார்த்தன. எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி எனக்கு வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தேன். எழுத்துகள் எறும்புச் சாரை போலப் போய்க்கொண்டிருந்தன. நான் வாயைத் திறந்தேன்.

கப்பலைத் திருப்பினேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு சக்கரத்தைக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பச் சொன்னேன். தூங்கியவர்களை எழுப்பினேன். கப்பல் பாலாற்று மணலில் இறங்கியது. அம்மாக்காரி ஓடிவந்தாள். நடுநடுவே விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன். முடித்துப் புத்தகத்தை மூடினேன். குடியிருப்புப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நெஞ்சு ஆறிப்போச்சும்மா” என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு டீச்சர் அதே பக்கத்தைத் திறந்து படிப்பார். நான் சொன்னது அதில் இருக்காது. அப்புறம் என் முன்கதையை யார் நம்புவார்கள்? போன வாரம் அப்படி, முந்தின வாரம் எப்படியோ என்பார்கள். வட்டம் என் கையை விட்டுப் போய்விடும். டீச்சருக்குப் போன் போட்டு, பார்த்துச் சமாளித்துப் படி என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை.

ஒருவேளை புத்தகத்திலும் அவள் கப்பலைத் திருப்புகிறாளோ என்று ஒரு நப்பாசை. திங்கட்கிழமை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கூடத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தேன். க, ப். கப். கப்பல். அந்த ஒரு சொல் வந்ததும் வேர்த்துவிட்டது. ஒரு வரிக்குள் வந்த வழி மறந்துபோகும், மறுபடியும் முதலிலிருந்து வருவேன். முதல் நாள் ஆறு வரி. ஆறு நாளில் மூன்று பக்கம்.

அவள் திருப்பவில்லை. அது புதன்கிழமையே தெரிந்துவிட்டது. புத்தகத்தை மூடியிருக்கலாம். ஆனால் அதற்குள் அம்மாவின் குரல் வந்துவிட்டது.

கப்பலுக்கு அம்மாவின் குரல் வருகிறது. ரேடியோ வழியாக. அவ்வளவு தூரத்தைத் தாண்டி வர அதற்கு நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மா, “சாப்பிட்டியா?” என்று கேட்டிருக்கிறாள். அந்த ஒரு கேள்வி நான்கு வருஷம் எங்கேயும் நிற்காமல், எதிலும் இடிக்காமல், இருட்டில் வந்துகொண்டே இருந்து இவள் காதில் விழுகிறது. இவள், “சாப்பிட்டேம்மா” என்கிறாள். இது போய்ச் சேர இன்னும் நான்கு வருஷத்துக்கு மேல் ஆகும். அப்போது அம்மா இருப்பாளோ இல்லையோ. இருந்தாலும் சொல்கிறாள். அதற்கு அடுத்து ஒரு வரி இருந்தது. அதற்கு எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. அந்தச் சொல் அம்மாவோடு நிற்காது, பூமியையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும், அதற்கு முடிவே கிடையாது என்று எழுதியிருந்தது.

நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். நல்ல வெயில். வானம் வெள்ளையாகக் கிடந்தது. காக்கைகூட இல்லை. இத்தனை வயது வரைக்கும் அந்த வானத்தை மழை வருமா, வராதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே இல்லாத அந்த வெள்ளையில் என்னென்னவோ போய்க்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. உடம்பு சிலிர்த்தது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீச்சர் படித்துக் கேட்டபோதெல்லாம் கதை என்னிடம் வந்தது. இப்போது நான் நடந்தே அதனிடம் போய்ச் சேர்ந்திருந்தேன்.

என் பாலாற்று மணல் எனக்கே சின்னதாகப் போய்விட்டது. இதை அவர்கள் கேட்காமல் விடக் கூடாது. ஆனால் நான் பொய் சொன்னதைச் சொல்லாமல் இதைச் சொல்லவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று கேட்டார். நான் புத்தகத்தை அவரிடம் கொடுக்கவில்லை.

“போன வாரம் நான் படிச்சது பொஸ்தகத்துல இல்ல. எனக்கு அவ்ளோ வேகமா படிக்க வராது. கப்பல திருப்பனது நானு.”

நாத்தனார்தான் முதலில் வாய் திறந்தாள்.

“அப்ப ஒரு வாரமா பால் சொசைட்டியில நான் ஊரக் கூட்டிச் சொல்லிக்கினு கீறனே, அது யாரு கத?”

“என் கத.”

“எச்சி தொட்டு எச்சி தொட்டு பக்கம் திருப்பனியே அண்ணி.”

“திருப்பனேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது, ஆனால் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. குடியிருப்புப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கேட்டதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

“அப்ப அவ வரலியாம்மா?”

“வரல” என்றேன். “ஆனா அங்க வேற ஒண்ணு எழுதிக்கீது. அத்த மெய்யாலுமே நான் படிச்சேன்.”

டீச்சர் புத்தகத்துக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு, “அந்த எடத்த நீங்களே படிங்க பெரிம்மா” என்றார்.

படித்தேன். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக. ஆறு நாள் நடந்த பாதைதான், ஆனாலும் எட்டுப் பேர் முன்னால் அது புதுசாக இருந்தது. அம்மாவின் கேள்வி வரவே வெகுநேரம் ஆனது. நடுவில் இரண்டு சொல்லில் நின்றுவிட்டேன். டீச்சர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தபோது நாத்தனார் அவர் தொடையில் தட்டி அடக்கினாள். அந்தக் கடைசி வரியைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினேன்.

இது கதைக்காக எழுதினதா, நிஜமா என்று ஒருத்தி டீச்சரைக் கேட்டாள். ரேடியோவில் போவது நிஜமாகவே நிற்காது, போகப்போக மெலிந்துபோகும், ஆனால் போய்க்கொண்டுதான் இருக்கும் என்று டீச்சர் சொன்னார். செல்போனில் பேசுவதும் கொஞ்சம் அப்படிக் கசிந்து மேலே போகும் என்றார்.

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் என் மருமவள போன்ல திட்டனதும் போயிக்கினு கீதா?”

“போயிக்கிட்டுதான் இருக்கும்.”

“எத்தினி நட்சத்திரம் கேட்டிருக்குமோ” என்றாள். அவள் அப்படித் தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

குடியிருப்புப் பெண் பாயில் நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள். அவள் என்னைத் திட்டினாலும் தகும் என்று நினைத்துக் காத்திருந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: “திரும்பி வந்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும்மா. இது போயிக்கினே கீதே. இதுவே இருக்கட்டும்.”

மீதிப் பக்கத்தைப் படி என்று யாரும் கேட்கவில்லை. யார் முதலில் எழுந்தார்கள் என்று தெரியவில்லை, எல்லோரும் வெளியே வந்து, அங்கன்வாடி வாசலில் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றோம். டீச்சரும்தான். பால் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வந்த சொசைட்டிக்காரர் எங்களைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினார்.

“இன்னா எல்லாரும் மேல பாக்குறீங்க? ஏரோப்பிளேனா?”

“ஒருத்தி சாப்பிட்டேன்னு அவ அம்மாகிட்ட சொன்னா” என்றேன். “அது போயிக்கினு கீது.”

அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டு இறங்கினார். எந்தப் பக்கம் என்று கேட்டார். எல்லாப் பக்கமும் என்றேன். அவரும் பார்த்தார்.