பரஸ்தானப் பெட்டியும் பல்கலைக்கழகக் கடிதமும்

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. பெட்டி படுக்கை எதுவும் இல்லாமல், கையை வீசிக்கொண்டு சீமைப் படிப்புக்குப் புறப்பட்டவன் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோட்டுப் பையில் பாஸ்போர்ட், சட்டைப் பையில் கொஞ்சம் சில்லறை, வாயில் அம்மா ஊட்டிய வெல்லக் கட்டி. அவ்வளவுதான் மூட்டை முடிச்சு.

எல்லாம் சூலத்தால் வந்த வினை. என் கப்பல் அன்று மாலை நான்கு மணிக்குப் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலிருந்து கிளம்புகிறது. துறைமுகமோ கோலாலம்பூருக்கு மேற்கே. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது! கப்பல்காரனுக்கு இது தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். அதனால் புதன்கிழமையே நல்ல நேரம் பார்த்து, என் டிரங்குப் பெட்டியைக் கயிற்றால் கட்டி, அப்பா கையில் கொடுத்து, கிள்ளானில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்கா வீட்டுக்குப் பரஸ்தானமாக அனுப்பிவிட்டாள். பெட்டி போய்விட்டால் ஆளே புறப்பட்டுவிட்டதாக அர்த்தம். அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது, வழியில் திறக்கவும் கூடாது.

"முக்கியமானதெல்லாம் பொட்டியில வெச்சிட்டேன்டா. திரும்பிப் பாக்காம போயிட்டு வா" என்றாள். அப்பாவுக்கு அன்று செந்தூல் ரயில் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. விடிகாலையில் கிளம்பும்போதே என் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் குடியிருப்பு வீடுகளின் வரிசையைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடந்தேன். பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிட நடையை அங்கே குளிரில் எத்தனை நாள் நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஏழு நாற்பதுக்கு ரயில். கிள்ளான் இருபத்தோரு மைல், மூன்றாம் வகுப்புக்கு நாற்பத்தைந்து காசு. பெட்டாலிங் தாண்டியதும் இரு புறமும் ரப்பர் மரங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் மிஸ் ஹார்ட்லி என்ற அம்மாள் எழுதியது. நாலு பக்கம். கனமான கோட்டு ஒன்று வேண்டும். தங்கும் அறையில் கணப்புக்குக் காசு போட்டால்தான் கேஸ் எரியும். என்ன சாப்பிடமாட்டாய் என்பதை வீட்டுக்காரியிடம் முதல் நாளே சொல்லிவிடு, கூச்சப்படாதே. எந்த ரயிலில் வருகிறாய் என்று தந்தி கொடு, ஸ்டேஷனில் நானே நிற்பேன். பார்த்தறியாத ஒருவனுக்கு இவ்வளவு எழுத அந்த அம்மாளுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ! அத்தனைக்கும் மேலே, முதல் பத்தியில் கோடு போட்டு எழுதியிருந்தது: இந்தக் கடிதமும் சான்றிதழ்களும் எப்போதும் உன் கையோடு இருக்கட்டும், பெட்டியில் வைக்காதே.

கோட்டுப் பையைத் தொட்டேன். பாஸ்போர்ட் மட்டும் இருந்தது. மற்றப் பைகளையும் துழாவினேன். 'முக்கியமானதெல்லாம் பொட்டியில வெச்சிட்டேன்' என்றாளே, புண்ணியவதி!

சாதாரண விஷயமா? துறைமுகத்து ஆபீசில் அந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் மாணவர் சலுகை டிக்கெட். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது இரண்டு வாரம் கழித்து. பிந்தி வருபவருக்கு இடம் நிற்காது என்றும் அதே கடிதத்தில்தான் எழுதியிருந்தது.

ஒன்பது மணிக்குக் கிள்ளான். பெட்டி அக்கா வீட்டில்தானே, போனதும் திறந்தால் ஆயிற்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா முறத்தோடு எட்டிப் பார்த்தார்.

"அக்காவா? நேத்தே பொட்டிய ரிக்‌ஷாவுல ஏத்திக்கிட்டுத் தொறமுகத்துக்குப் போயிருச்சே தம்பி!"

"ஏங்க?"

"வெள்ளிக்கெழம நீங்க இங்கேருந்து பொட்டிய எடுத்தாலும் மேக்கதான போவணும்? சூலம் அங்கயும் நிக்கும்ல! அதான் முன்னாடியே கொண்டுபோயி, அங்க தெரிஞ்சவங்க வீட்டுல வெச்சிருக்கு."

ஆக, பரஸ்தானத்துக்கே ஒரு பரஸ்தானம். எங்கள் குடும்பத்தில் பெண்களுக்கு மூளை இப்படித்தான் வேலை செய்யும். துறைமுகம் இன்னும் ஆறு மைல். அடுத்த ரயில் பதினொன்றேகாலுக்கு. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். படகுத்துறைக் கொட்டகையில், போக வர எல்லோரும் இடித்துக்கொண்டு போகும் இடத்தில், என் பெட்டியின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"காலையிலேருந்து ஒருத்தனையும் தொட விடலடா!"

"எந்திரிக்கா. பொட்டியத் தொறக்கணும்."

"ஐயையோ, கடலேறாம தொறக்கக் கூடாது. அம்மா சத்தியம் வாங்கியிருக்கு."

அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "புத்தி இருக்கா ஒனக்கு? படிச்சிருந்தாத் தெரியும்! என் படிப்பே போயிரும், நீயும் ஒஞ் சூலமும்!" கூலிகளும் மலாய்ப் படகோட்டிகளும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எழுந்தாள், பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், "தூக்கு" என்றாள்.

படிக்கட்டின் கீழே சம்பான் என்னும் சிறு படகு ஒன்று கட்டியிருந்தது. படகோட்டியிடம் மலாயில் ஏதோ சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே ஒதுங்கினான். பெட்டியைச் சம்பானில் இறக்கி, சேலையைச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள்.

"இப்பக் கடல்லதான இருக்கு? இப்பத் தொற."

முடிச்சை அவளே பல்லால் அவிழ்த்தாள். வேட்டிகளுக்கு நடுவே, மஞ்சள் தடவிய துணியில் சுற்றி, கடிதமும் சான்றிதழ்களும் பத்திரமாக இருந்தன. கடிதத்தின் ஒரு மூலையில் மஞ்சள் ஏறியிருந்தது. பிடுங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்த கிராணி, அதாவது குமாஸ்தா, "கடைசி ஆளு நீங்கதான். கொஞ்சம் முன்னாடி வரலாம்லா!" என்று முத்திரை குத்தினார்.

மூன்று மணிக்குப் பயணிகளைக் கப்பலுக்கு ஏற்றிப்போகும் விசைப்படகு வந்தது. அக்கா என் காலரைச் சரிசெய்தாள். "திட்டுனதெல்லாம் திட்டிட்ட. கப்பல்ல போயி யாரையும் திட்டாத, என்ன?" என்றாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சீமை போய்ச் சேர்ந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு எழுத்து தெரியாது என்பது படகு நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

நாலு வாரக் கடலுக்குப் பிறகு, சொன்னபடியே மிஸ் ஹார்ட்லி ஸ்டேஷனில் நின்றார். மழையில் நனைந்த தொப்பியும் கையில் என் பெயர் எழுதிய அட்டையுமாக. கடிதத்தை வாங்கி மூலையைப் பார்த்து, இது என்ன கறை என்று கேட்டார். எங்கள் வீட்டு மஞ்சள் என்று சொல்ல ஆரம்பித்தவன், பிளாட்பாரத்திலேயே அழுதுவிட்டேன். அவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

நாலு வருடம் கழித்துத் திரும்பினேன். அதே துறைமுகம், அதே கொட்டகை. அப்பா மட்டும் நின்றார். இரண்டாம் வருடமே காய்ச்சலில் அக்கா போய்விட்டாளாம். பரீட்சை கெடும் என்று எனக்கு எழுதவில்லையாம். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் யாருடையதோ சாக்கு மூட்டைகள் கிடந்தன. பெட்டியைக் கீழே வைக்கவே எனக்குக் கை வரவில்லை.

இன்றும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து யாராவது சீமைக்குப் படிக்கப் போவதாகச் சொன்னால், மிஸ் ஹார்ட்லி எழுதியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். கோட்டு, கேஸ் கணப்பு, வீட்டுக்காரி, தந்தி. கடிதத்தைக் கையோடு வைத்துக்கொள் என்று கோடும் போடுகிறேன். அதன் கீழே நானாக ஒரு வரி சேர்ப்பதுண்டு: பெட்டிக்குக் காவல் இருப்பவளைத் திட்டிவிட்டுக் கப்பல் ஏறாதே.