எப்போது என்று கேட்ட இந்திராணி

செய்தி வந்தபோது லாயாங் லாயாங் என்ற ஊரில் ஒரு பள்ளி விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பத்திரிகைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் என் தங்கை கணவர் சேகர். "மச்சான், இந்திராணி போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலியாம். தம்போய்ல அவங்க வீட்லதான் வச்சிருக்காங்க," என்றார்.

ஜோகூர் பாருவில் இந்திராணி வேலை செய்த மருத்துவமனையின் எம்ஆர்ஐ அறைக்குப் போய்வந்திருந்தால், நீங்கள் அவரை ஒரு குரலாகத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள். குழாய்க்குள் படுத்திருக்கும்போது காதில் கேட்கும் நிதானமான குரல். அந்த இயந்திரத்தை இயக்கிப் படம் எடுப்பது அவர் வேலை. ஆளுக்கேற்றபடி தலையணை வைப்பதில் அவருக்குத் தனிப் பெருமை. "சுகமா படுத்தா அசைய மாட்டாங்க. அசையலன்னா படம் சுத்தமா விழும்," என்பார்.

அந்தப் பெருமை ஒருமுறை அவரை ஏமாற்றியது.

சேகர் பாசிர் கூடாங்கில் வெல்டர். நாளெல்லாம் அண்ணாந்து பார்த்துக் குழாய்களைப் பற்றவைக்கும் வேலை. அவருடைய விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. படியில் கால் தடுமாறியது. கழுத்தைப் படம் எடுத்தார்கள். தண்டுவடத்துக்குப் பாதிப்பில்லை என்று அறிக்கை வந்தது. அவருக்கிருந்த இனிப்புநீரால், அதாவது சர்க்கரை நோயால், வந்ததாக இருக்கும் என்று மாத்திரையைக் கூட்டினார்கள். மூன்று மாதத்தில் வெல்டிங் கம்பியைப் பிடிக்கவே முடியவில்லை. அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

மறுபடி படம் எடுக்க நானும் உடன் போனேன். சட்டையை மாற்றச் சொன்ன இந்திராணி, சேகர் பொத்தானோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உதவிக்குப் போகவில்லை.

"அண்ணே, எப்போ மரத்துப் போவுது?"

"எல்லாரும் எங்கன்னுதான் கேட்டாங்க, மிஸ்ஸி."

"நான் தாதி இல்லண்ணே, படம் எடுக்கிறவ. எப்போன்னு சொல்லுங்க."

"மேல பார்த்து வேலை செஞ்சா வரும். குனிஞ்சா விட்டுடும் லா."

இந்திராணி பழைய படத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "இத எடுத்தது நான்தான். ரொம்ப நல்லா படுக்க வச்சிட்டேன். அதான் தப்பு," என்றார். அவர் வைத்த தலையணை கழுத்தை லேசாக முன்னால் வளைத்து, உள்ளே இருந்த நெருக்கத்தை விடுவித்திருந்தது.

மருத்துவரிடம் தன் தவறையும் சொல்லி, இரண்டு படங்களுக்கு அனுமதி வாங்கினார். ஒன்று, சேகரால் தாங்க முடிந்த அளவுக்குக் கழுத்தைப் பின்னால் சாய்த்து எடுப்பது. மற்றது, தண்டுவட நரம்பிழைகளின் வழியே நீர் எப்படி நகர்கிறது என்று அளப்பது. இழை நன்றாக இருந்தால் நீர் அதன் போக்கிலேயே போகும். சிதைந்த இடத்தில் கண்டபடி சிதறும். அந்த மருத்துவமனையில் இந்த அளவை மூளைக்கு மட்டுமே எடுத்துவந்தார்கள். மூச்சாலும் விழுங்குவதாலும் கழுத்துப் படம் கெட்டுவிடும். இந்திராணியோ மதிய இடைவேளைகளில் தாமே குழாய்க்குள் படுத்து, சக ஊழியரை இயக்கச் சொல்லி, அதைப் பழகிவைத்திருந்தார்.

"சத்தம் நிக்கிற வரைக்கும் எச்சில் முழுங்காதீங்க அண்ணே."

"நீங்க சொன்னதும்தான் ஊறுது, மிஸ்ஸி."

"அப்ப ரொட்டி சானாய நினைக்காதீங்க."

சாய்த்து எடுத்த படத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. நீரை அளந்த படம், அதே இடத்தில் இழைகள் சிதையத் தொடங்கியிருந்ததைக் காட்டியது. அந்த வாரமே அறுவை சிகிச்சை. அடுத்த ஆண்டு சேகர் மோட்டார் சைக்கிளில் பாசிர் கூடாங்குக்கு வேலைக்குப் போனார். அந்த அறையின் படிவத்தில் கழுத்து நோயாளிகளுக்கென்று ஒரு புதிய வரி சேர்ந்தது. "பிலா?" மலாயில், எப்போது? அதன் பிறகு அந்த வரி எத்தனையோ பேருடைய கைகளைக் காப்பாற்றியது.

நான் தம்போய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சுடலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இந்திராணியின் கணவர் சட்டைப் பொத்தான் போட முடியாமல் நின்றார். சேகர் போய் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். ஒன்றுகூட நழுவவில்லை.

எங்கே என்று முதலில் கேட்டே நிருபர் வேலையில் தலை நரைத்தவன் நான். இப்போது யாராவது உடம்பு சரியில்லை என்றால் எப்போது என்றும் கேட்கிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன். இந்திராணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியை. சேகர் வைத்துக்கொண்டது தன் கைகளை.