புளி படாத சீ வால்வு

படகில் பாய் விரித்ததும் இஞ்சினை நிறுத்து. இஞ்சின் நின்றதும் சீ வால்வை அடை. படகுக் காவலுக்கு இருக்கும் மிக்கேலுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒருநாள் காலையில், அவன் அதை மறந்து தொலைக்க வேண்டும் என்று அந்தோணியாரிடம் மன்றாடிக்கொண்டே உவரிக் கடற்கரையில் ஓடினேன். அறுபத்து மூன்று வயதில், முழங்கால் வலியோடு மணலில் ஓடுவது லேசான காரியமில்லை.

சரக்குக் கப்பல் இஞ்சின் அறையில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக என் தப்பு ஒன்றை எழுதுகிறேன். சரியாகச் செய்தவையும் நிறைய உண்டு. அவற்றால் உங்களுக்குப் பிரயோசனமில்லை.

1. நான் பார்த்தது

பாளையங்கோட்டையில் கல்லூரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சாமுவேல் சார், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். முப்பது அடி ஃபைபர் உடம்பு, உள்ளே சின்ன டீசல் இஞ்சின். கடலுக்குள் கல் கொட்டி வளைத்த எங்கள் ஊர்த் தூண்டில் வளைவுக்குள், அலை அடங்கிய இடத்தில் அது நங்கூரத்தில் நின்றது. காவலுக்கும் கூடப் போவதற்கும் மிக்கேல். அவன் மனைவி ரோசம்மா வாரம் ஒருமுறை போய்ப் படகைத் துடைத்து வைப்பாள்.

அந்தப் படகின் அடியில் மூன்று ஓட்டைகள். கடல்தண்ணீர் உள்ளே வருவதற்கென்றே போட்டவை: கழிவறைக்கு ஒன்று, பாத்திரம் கழுவ ஒன்று, இஞ்சினைக் குளிரவைக்க ஒன்று. ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு சீ வால்வு. அது உடைந்தால் கடலுக்கும் நமக்கும் நடுவே வேறொன்றும் கிடையாது. எங்கள் ஊர் மீன்பிடிகாரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "ஓட்டையப் போட்டுட்டு அதுக்குப் பூட்டு வேறயாவே?" என்று என்னைக் கேலி செய்வார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வால்வுகளைத் திருப்பிப் பார்த்து, கிரீஸ் வைத்து, ஹோஸ் கிளிப்பை மாற்றுவது என் வேலை. சாருக்குக் கன்னியாகுமரி வரை படகில் போய் வர ஆசை. கிளம்புவதற்கு முந்திய நாள் என்னைக் கூப்பிட்டார். தரைப்பலகைக்கு மேலே இருந்த இரண்டு வால்வும் லேசான சிவப்போடு பளபளவென்று இருந்தன.

"என்னத்தப் போட்டுலே தேய்ச்சா ஒம் பொண்டாட்டி?" என்று மிக்கேலிடம் கேட்டேன்.

"புளிதான் அண்ணாச்சி. கோயில் மெழுகுதிரிக் காலு மாதிரி விளக்கி வச்சிருக்கா."

பித்தளையோ, கப்பல் வால்வுக்குப் போடும் வெண்கல வகையான கன்மெட்டலோ, புளி போட்டுத் தேய்த்தால் சிவப்புக் காட்டும். எந்த வீட்டிலும் பார்க்கலாம். இரண்டையும் கத்தி முனையால் கீறிப் பார்த்தேன். பொடியவில்லை, உறுதியான கன்மெட்டல்.

மூன்றாவது, இஞ்சின் வால்வு. தரைப்பலகைக்குக் கீழே, இஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கவிழ்ந்து படுத்து டார்ச் அடித்தேன். அதுவும் ரோஜா நிறம். 'இதையும் விட்டு வைக்கவில்லையே இந்தப் பிள்ளை' என்று நினைத்துக்கொண்டேன். தோள்வரை கையை விட்டால்தான் எட்டும். இஞ்சின் மூடியைக் கழற்றினால் வசதியாகச் சுரண்டலாம், ஆனால் அது ஒரு மணி நேர வேலை. விட்டுவிட்டேன். சோம்பல்தான், அதற்கு வேறு பெயர் எதற்கு?

"எப்படி இருக்கு சூசை?" என்று சார் மேலிருந்து கேட்டார்.

"மூணும் நல்லாருக்கு சார். தைரியமாப் போயிட்டு வாங்க."

2. ரோசம்மா சொன்னது

மறுநாள் விடிந்ததும் சாரும் மிக்கேலும் கிளம்பினார்கள். காற்று இல்லாததால் இஞ்சினில் போனார்கள். எட்டு மணிக்கு மீன் ஏலத்தில் ரோசம்மாவைப் பார்த்தேன். சும்மா சீண்டினேன்.

"இஞ்சினுக்கு அடியில கெடக்கிற வால்வையும் நீ விடலையே. மீன் கொழம்புக்குப் புளி மிச்சம் இருக்கா?"

"அது எனக்கு எட்டவே எட்டாதே அண்ணாச்சி. மேல உள்ள ரெண்டத்தான் தேய்ச்சேன். அதத் தொட்டதே இல்ல."

புளி படாத வால்வு சிவந்திருக்கிறது என்றால் அது கன்மெட்டல் இல்லை. எவனோ எப்போதோ வீட்டுக் குழாய்க்குப் போடும் பித்தளை வால்வை அங்கே மாட்டியிருக்கிறான். பித்தளையில் உள்ள துத்தநாகத்தை உப்புத்தண்ணீர் தின்றுவிடும். செம்பு மட்டும் ரோஜா நிறத்தில் நிற்கும். பார்ப்பதற்கு வால்வு, திருப்பினால் ரஸ்க்.

"என்ன அண்ணாச்சி, மொகம் ஒரு மாதிரி ஆகுது?" என்றாள் ரோசம்மா. அவள் புருஷன் அந்தப் படகில் இருக்கிறான். "ஒண்ணுமில்லம்மா" என்று பொய் சொன்னேன்.

காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. இனிப் பாய் விரிப்பார்கள். இஞ்சினை நிறுத்துவார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடி வால்வை முறுக்குவார்கள். மிக்கேலுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். அதேதான். அப்போதுதான் மணலில் ஓடினேன். வலை இறக்கிக்கொண்டிருந்த என் மைத்துனன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் ஃபைபர் படகைத் தள்ளினான்.

3. படகுக்குள்

ஒரு மணி நேரத்துக்குமேல் போயிருப்போம். வெள்ளைப் பாய் தெரிந்தது. படகு ஊரைப் பார்த்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மேலே மிக்கேல் மட்டும் இருந்தான்.

"சார் எங்கலே?"

"உள்ள கெடக்காரு அண்ணாச்சி. வால்வு கையோட வந்துட்டு. ஆப்பு அடிச்சா மிச்சமும் பொடியுது. கைய வச்சுப் பொத்திக்கிட்டு இருக்காரு."

அந்தப் படகில் தாவி ஏறினேன். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். சார் கவிழ்ந்து கிடந்தார். வலது கை தோள்வரை தரைக்குக் கீழே. எனக்கு வசதியில்லை என்று நான் விட்ட இடத்தில் எழுபது வயது மனிதர் கையை விட்டிருந்தார். சூடு ஆறாத இஞ்சினில் உரசி, முழங்கைக்கு மேலே தோல் கொப்பளித்திருந்தது. சூடு பொறுக்கமுடியாமல் கையை எடுத்தால் தண்ணீர் ஏறும் என்று எடுக்கவே இல்லை.

"வந்துட்டியா சூசை? நான்தான் கொஞ்சம் வேகமாத் திருப்பிட்டேன் போல. நீ சரியா வச்சிருந்தத நான் கெடுத்துட்டேன்" என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ரோசம்மாவுக்குக்கூட நான் எதையும் சொல்லவில்லையே. ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ள என்னால் முடியவில்லை.

"இல்ல சார். அத நான் சுரண்டிப் பாக்கவே இல்ல. பாத்ததாச் சொல்லிட்டேன்."

"அத அப்புறம் பேசுவோம். மொதல்ல ஒங் கைய இங்கன வை."

வைத்தேன். மிக்கேல் பாயை இறக்கிவிட்டுக் கடலில் குதித்து, படகின் அடிக்குப் போய், துணி சுற்றிய ஆப்பை வெளியிலிருந்து இறுக்கினான். மைத்துனன் படகைக் கட்டி இழுத்தான். கரை சேரும்வரை நான் தண்ணீர் இறைத்தேன். சார் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

பிள்ளைகளே, கை எட்டாத வால்வை முதலில் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள், கீறிப் பாருங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள், வேலை போனாலும் போகட்டும்.

சார் இன்றும் என்னைத்தான் கூப்பிடுகிறார். நான் மூன்று வால்வையும் முடித்து எழுந்ததும், கத்தியை வாங்கிக்கொண்டு, தழும்பு விழுந்த அந்தக் கையைத் தரைக்குக் கீழே விட்டு ஒவ்வொன்றாகக் கீறிப் பார்க்கிறார். நான் டார்ச் பிடிக்கிறேன். எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அவர் செய்வதுதான் சரி.