துடைக்கத் துடைக்க ஏறிய கறுப்பு

சாம்பிராணி மணம் வந்தால் இன்றும் என் கை மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போகிறது.

ஆகஸ்டு மாதம், மாதா தேர் அன்று, தூபக்கலசத்துக்குப் பின்னாலேயே நடந்தேன். கோவிலுக்குத் திரும்பும்போது இடக்கண் பார்வையின் அடியில் ஒரு கறுப்பு. புகை கண்ணாடியில் படிந்துவிட்டது என்று வேட்டி நுனியால் துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன். மூன்றாம் நாள் கறுப்பு பாதிக் கண்ணுக்கு ஏறியிருந்தது.

கழற்றிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். கழற்றினால் எனக்கு உலகமே புகைதான். சிறுவயது முதல் கிட்டப்பார்வை (அருகிலிருப்பது மட்டும் தெளியும் குறை). உங்களுக்கு இப்படி நிழல் வந்தால் துடைக்காதீர்கள். ஒரு கண்ணைப் பொத்தி மறுகண்ணால் பாருங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகுநேரம் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

“முசியே,” என்று பிரெஞ்சு முறையில் மரியாதையாக அழைத்தார். “கண்ணு எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையா இருக்கணும். உங்களுக்கு முட்டை மாதிரி பின்னால நீண்டு போயிருக்கு. அதான் தூரத்து உருவம் திரைக்கு முன்னாலயே விழுந்துடுது. கண்ணு நீள நீள, திரையும் இழுபட்டு மெலியும். இப்போ கிழிஞ்சு பிரியுது.”

விழித்திரை (கண்ணின் உட்சுவரில் ஒட்டி, பார்வையை வாங்கும் படலம்). என் கண்ணுக்குள் ஒரு சுவர் பெயர்ந்துகொண்டிருந்தது, ஓசையே இல்லாமல்.

“வலது கண்ணு?” என்றேன்.

“அதுவும் அதே வடிவம்தான். பிள்ளைங்க உண்டா?”

“ஒரே பொண்ணு, லூர்து. பத்து வயசு,” என்று முந்திக்கொண்டாள் என் மனைவி அன்னம்மாள். “புத்தகத்தை மோந்துதான் படிக்கும். அப்பனை உரிச்சு வெச்சிருக்கு!”

சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

இரு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல்மூட்டை வைத்து, மூன்று வாரம் மல்லாக்கப் போட்டார்கள். தும்மப் பயந்தேன். உடம்பு முழுவதும் இரண்டு முட்டைகளைச் சுமக்கும் கூடையாகிவிட்டது. கோவில் மணி கேட்கும், விடியலா, அந்தியா? யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

கட்டவிழ்த்தபோது இடக்கண்ணில் கறுப்பு முழுதும் ஏறியிருந்தது. சென்னையில் சூட்டு ஊசியால் திரையை ஒட்டிப் பார்க்கிறார்களாம், வலதையும் காட்டிவிடுங்கள் என்றார் டாக்டர். போனேன். இடது திரும்பவில்லை. வலதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், ஒவ்வொரு வரியும் கடன் வாங்கிய வெளிச்சத்தில்.

ஆனால் எனக்கு நிலைத்திருப்பது, சென்னைக்குப் புறப்பட்ட அன்று ரயிலடி. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி லூர்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ரயிலடிச் சுவரில் தட்டு அகலத்துக்குக் கடியாரம். என் ஒற்றைக் கண்ணுக்கே முள் தெரிந்தது. தெரிந்தும் கேட்டேன்.

“அந்தச் சுவர்க் கடியாரத்துல மணி என்னம்மா?”

அவள் திரும்பிக் கண்ணைச் சுருக்கினாள். அன்னம்மாளின் கை அவள் தோளை இறுகப் பற்றியது. வண்டி அசைந்தது.

“எந்தக் கடியாரம்ப்பா?”