பத்தியத்தில் ஒரு பிடி சோறு

ஒன்பது வயதில் நான் பர்மாவில், லான்மடா வட்டாரத்தில் இருந்த எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறினால், எதிரே இறங்குகிறவர் மேலேயே நின்று வழிவிட வேண்டும். கீழே மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் பர்மாக்கார அம்மா, குண்டுப் பாப்பா வருகிறாள் என்று தெருவுக்கே அறிவிப்பாள். என் அம்மாவுக்கு அதில் கொள்ளை மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது என்னை முன்னால் நடக்கவிட்டுத் தேரைக் கூட்டிவருகிறவள்போல் பின்னால் வருவாள்.

தெரிந்த வீடுகளிலெல்லாம் அப்படித்தான். கன்னம் உப்பிய பிள்ளை என்றால் அந்த வீட்டில் குறை ஒன்றுமில்லை என்று பொருள். எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. நான் பிறக்குமுன்பே ஓர் அக்கா இறந்திருந்தாள். ஐந்து வயதில் காய்ச்சல் வந்து, மெலிந்து மெலிந்து போய்விட்டாளாம். கல்லறைத் திருநாளில் அவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். எனக்கு அக்கா என்றால் அந்த மெழுகுவர்த்திதான்.

பள்ளிக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் டாக்டரம்மா என்னை எடை மேடையில் நிறுத்தி, இறக்கி, நம்பாமல் மறுபடியும் ஏற்றிப் பார்த்தார். இப்படியே விட்டால் பிள்ளையின் இருதயத்துக்கு ஆகாது என்று அப்பாவுக்குக் கடிதம் வந்தது. அப்பா போட்டாதாங் துறைமுகத்தில் ஒரு கிடங்குக் குமாஸ்தா. டைப் அடித்த காகிதம் எதுவானாலும் அவருக்கு உத்தரவுதான். இரவில் ஒரே கரண்டி சோறு, தேங்காய்ப்பால் கிடையாது, விடிந்ததும் அவரோடு ஆற்றோரமாக நடை.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்பா கை கழுவ எழுந்ததும், குழம்புச் சட்டியில் புரட்டிய ஒரு பிடி சோற்றை என் வாயில் திணித்துவிடுவாள். நானும் சத்தமில்லாமல் விழுங்குவேன். ஒரு மாதம் நடந்தும் நான் கொஞ்சம்கூட இளைக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் கால்சட்டை தொளதொளத்தது.

அதற்குள் பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகப் பேச்சு வந்தது. எனக்குத் தேவதை வேஷம் வேண்டும். சிறகு கட்டினால் மேடை தாங்குமா என்று வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அம்மாவின் பிடிச் சோற்றுக்கு வாய் திறக்க மறுத்துவிட்டேன். அவள் கெஞ்சுவாள். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஏழெட்டு வாரத்தில் கவுன் இடுப்பில் தொங்கியது. குதித்துக்கொண்டு போய்ப் பிடித்துத் தைத்துத் தரச் சொன்னேன். அம்மா இரண்டு பக்கமும் துணியைக் கிள்ளிப் பார்த்தாள். நாலு விரல் மிச்சமிருந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்தவள் சக்கரத்தைச் சுற்றவே இல்லை.

"அவளுக்கும் இப்படித்தான், மூணு தடவ புடிச்சுத் தைச்சேன்" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் அழகாவது இவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவு அவள் கொண்டுவந்த பிடி வழக்கத்தைவிடப் பெரியது. ஒரு கையால் என் தாடையைப் பிடித்துக்கொண்டாள். நான் திமிறிக் கத்தினேன்.

"அப்பா, தெனமும் அம்மா திருட்டுத்தனமா ஊட்டுறா. வந்து பாருங்க."

ஈரக் கையோடு வந்த அப்பாவுக்கு அத்தனை நாள் நடையும் வீணானதுபோல் இருந்திருக்க வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"இந்தப் பிள்ளையையும் கொல்லப் பாக்குறியா?"

அம்மா கையிலிருந்த சோற்றைச் சட்டியிலேயே போட்டு, அதை மூடிவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு ஒருநாளும் அவள் எனக்கு ஊட்டியதில்லை. பெரியவளான பின், காய்ச்சலில் கிடந்தபோது நானே வாயைத் திறந்து கேட்டிருக்கிறேன். கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். "இந்தப் பிள்ளையையும்" என்று அப்பா சொன்னதன் பொருள் புரிந்தபின், அது இன்றும் வலிக்கிறது.

அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜெயித்துவிட்டேன் என்பதுதான். தேவதை வேஷம் கிடைத்தது, எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் இருந்தாள். தோற்றுப்போன கோபம் என்று விட்டுவிட்டேன்.

அந்த இரவிலிருந்து ஒரு வாரம் அப்பா இரவுச் சோற்றைத் தொடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, மூடிக் கிடந்த உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குத் துணையாக அப்பாவும் பத்தியம் இருக்கிறார் என்று பள்ளியில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.